அளவாகக் குடிக்கலாமா என்று கேட்பவருக்கு, ஒரு கொப்பரைக் களத்திலிருந்து

குடியை விட்டு ஓராண்டோ ஐந்தாண்டோ ஆன ஒருவர் என்னிடம் வந்து, "இனி அளவாகக் குடித்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால் நான் அவரைத் திட்டுவதில்லை. உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுப்பேன். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கங்களைத் திருப்பிக் காட்டுவேன். அந்த நோட்டின் முன்பக்கம் முழுக்கக் கொப்பரை மூட்டைக் கணக்கு. பின்பக்கம் நான் குடித்த கணக்கு.

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் சாலையில், கோபாலபுரம் சோதனைச் சாவடிக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் ஒரு உலர்களத்தில் எடை போட்டுக் கணக்கு எழுதுவது என் வேலை. என் மனைவி சாவடிக்கு அந்தப் பக்கம், கொழிஞ்சாம்பாறையில் பிறந்தவர். 2011 ஆகஸ்டில் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் 12 நாள் படுத்துக் குடியை நிறுத்தினேன். அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகள், காலையில் 90 மில்லி உள்ளே போகாமல் என்னால் சட்டைப் பொத்தானைப் போட முடியாது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. நீங்கள் கேட்கும் கேள்விக்குப் பதில், நீங்கள் எவ்வளவு காலம் நிறுத்தியிருக்கிறீர்கள் என்பதில் இல்லை. நிறுத்துவதற்கு முன்பு எந்த நிலையில் இருந்தீர்கள் என்பதில் இருக்கிறது.

நோட்டில் இருப்பது

2016 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. மைத்துனன் வீட்டுப் புதுமனை புகுவிழா. பின்கட்டில் தென்னையடியில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். "மாமா, காலையில் இறக்கியது. நல்ல மதுரமாக இருக்கிறது. ஒரு கோப்பைதானே?" என்றான் அவன். எனக்கு அவன்மேல் கோபமில்லை. நான்கரை ஆண்டு ஒழுங்காக இருந்த மனிதன் இனிமேல் சரியாகத்தான் இருப்பான் என்று அன்பினால் நினைத்தான். கையை நீட்டியது நான்.

ஒரு கோப்பை குடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சாப்பிட்டேன், பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன், நன்றாகத் தூங்கினேன். திங்கட்கிழமை காலை கை நடுங்கவில்லை. அந்த ஒரு வாரமும் குடி நினைப்புக்கூட வரவில்லை. நிறுத்தியவரை விழவைப்பது இந்த "ஒன்றும் நடக்கவில்லை" தான். அன்றிரவே வாந்தியெடுத்துச் சாலையில் கிடந்திருந்தால் மறுநாளே பயந்து விலகியிருப்பேன். ஒன்றும் ஆகாததால், எனக்கு முழுதும் குணமாகிவிட்டது என்று நம்பினேன்.

கணக்கு எழுதுகிறவன் அல்லவா, இதையும் கணக்காகச் செய்வோம் என்று விதி எழுதினேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீல மையில், கோடு போட்டு: ஞாயிறு மட்டும். கள் மட்டும். ஒரு கோப்பை மட்டும். வீட்டில் சொல்லிவிட்டு.

பிப்ரவரி 7, ஒன்று. பிப்ரவரி 14, இரண்டு. பக்கத்தில் "விருந்தாளி வந்ததால்" என்று எழுதியிருக்கிறேன். பிப்ரவரி 21, ஒரு பாட்டில். அந்த வாரம் முதல் விதி அடிக்கப்பட்டு, மேலே சிவப்பு மையில் "ஞாயிறு அல்லது விசேஷ நாள்" என்று மாறியிருக்கிறது. மார்ச் 3இல் இரண்டாம் விதியின் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். கீழே "கள் கிடைக்காவிட்டால் பீர்". மார்ச் 9இல் வெறும் "90". எதன் 90 என்று எழுதவில்லை. அதற்குப் பிறகு எழுத்து சிறுத்துக்கொண்டே போகிறது. நான்காம் விதியை, வீட்டில் சொல்வதை, நான் அடிக்கவே இல்லை. சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டேன். கடைசிப் பதிவு மார்ச் 27. அதற்குக் கீழே வெற்றுக் கோடுகள்.

நோட்டைப் பார்ப்பவர்கள், "மார்ச் 27க்குப் பிறகு நிறுத்திவிட்டீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. அந்த வெற்றுக் கோடுகள்தான் நான் மிக அதிகமாகக் குடித்த நாட்கள். தினமும் இரண்டு குவார்ட்டர் போன பிறகு எழுத மனம் வரவில்லை.

சித்திரை ஒன்றும் விஷுவும் முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்று முடிவெடுத்து, ஏப்ரல் 17 இரவோடு யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினேன். 19ஆம் தேதி காலை எட்டரை மணிக்கு எடைமேடைக்குப் பக்கத்தில் வலிப்பு வந்து விழுந்தேன். நாக்கு கிழிந்தது. மூட்டை தூக்குகிற தம்பிகள் பதறிப்போய் என் கையில் இரும்புச் சாவியைத் திணித்திருக்கிறார்கள். சாவியால் வலிப்பு நிற்காது. அதுவாக ஓரிரண்டு நிமிடங்களில் நிற்கும். அதுவரை ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், தலை கல்லில் மோதாமல் பார்த்துக்கொண்டு 108ஐ அழைக்க வேண்டும். இப்போது எங்கள் களத்தில் எல்லோருக்கும் இது தெரியும்.

முதல் கோப்பையிலிருந்து வலிப்புவரை 11 வாரங்கள். நான் முதன்முதலில் குடிக்கத் தொடங்கி, குடிக்காவிட்டால் உடம்பு தாங்காத நிலைக்கு வர 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. 13 ஆண்டு தூரத்தை இரண்டாம் முறை 11 வாரத்தில் கடந்தேன்.

ஏன் இவ்வளவு வேகம் என்று பிறகு மனநல மருத்துவரிடம் கேட்டேன். நான் எடை போடுகிறவன் என்பதால் தராசை வைத்தே சொன்னார். மது மூளையை மந்தப்படுத்துகிறது. தினமும் ஒரு தட்டில் அந்தக் கல்லை வைத்தால், மூளை நிமிர்ந்து நிற்பதற்காக மறுதட்டில் எதிர்க்கல் வைத்துக்கொள்கிறது. மதுக் கல்லைத் திடீரென்று எடுத்தால் மறுதட்டு தரையில் மோதுகிறது. கை நடுக்கம், வியர்வை, வலிப்பு எல்லாம் அந்த மோதல்தான். பல மாதம் குடிக்காமல் இருந்தால் தராசு சமநிலைக்கு வரும். ஆனால் எதிர்க்கல்லை எங்கே வைத்தோம் என்பதை மூளை மறப்பதில்லை. மறுபடி மது வந்தால் பழைய இடத்திலிருந்து சட்டென்று எடுத்து வைத்துவிடும். அதோடு, ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் அடுத்த முறை நிறுத்துகையில் வரும் உபாதை கூடுகிறது. முதல் முறை எனக்கு வெறும் நடுக்கம்தான் இருந்தது. இரண்டாம் முறை வலிப்பு.

நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள்

குடித்தவர் எல்லோரும் என்னைப் போன்றவர் அல்லர். இதை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை. மருத்துவர்கள் இன்று குடிநோயை லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று தரம் பிரிக்கிறார்கள். 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவ வரையறையில் 11 அறிகுறிகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு மூன்று இருந்தால் லேசானது, ஆறும் அதற்கு மேலும் இருந்தால் கடுமையானது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விச் சோதனை ஒன்று உண்டு. மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே கவனிக்க வேண்டும். 20ஐத் தொட்டால் பெரும்பாலும் மது உடம்பைப் பிடித்துவிட்டது என்று பொருள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேட்டால் தமிழிலேயே செய்து பார்ப்பார்கள்; பத்து நிமிடம்கூட ஆகாது. நீங்கள் கடைசியாகக் குடித்துக்கொண்டிருந்த காலத்தை மனதில் வைத்துப் பதில் சொல்லுங்கள். இப்போதைய நிலையை வைத்துச் சொன்னால் மதிப்பெண் சுழிதான் வரும், அதில் பயனில்லை.

சோதனைக்குப் போகும் முன்பே வீட்டில் உட்கார்ந்து நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. காலையில் நடுக்கத்தை அடக்கக் குடித்ததுண்டா? நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் வலிப்போ, இல்லாத ஆளும் பூச்சியும் தெரிவதோ வந்ததுண்டா? முந்தைய இரவு நடந்தது ஒன்றுமே நினைவில்லாத நாட்கள் அடிக்கடி இருந்தனவா? மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர், ரத்த வாந்தி, கணையத்தில் அழற்சி என்று மருத்துவர் சொன்னதுண்டா? "இனி குறைத்துக்கொள்கிறேன்" என்று ஏற்கெனவே முயன்று தோற்றதுண்டா?

இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் என் பதில் இதுதான்: அளவுக் குடி உங்களுக்கு இல்லை. ஈரல் சுருக்கமோ கணைய அழற்சியோ இருப்பவருக்கு இதில் பேச்சுக்கே இடமில்லை. ஒரு மூடி அளவும் கூடாது.

இந்தக் கேள்விகளை உங்கள் மனைவியிடமோ அம்மாவிடமோ தனியாகக் கேட்டுப் பார்க்கும்படி இன்னொருவரிடம் சொல்லுங்கள். நான் 2011இல் மருத்துவமனையில் "எப்போதாவது காலையில்" என்று சொன்னேன். என் மனைவி "ஆறு வருடமாகத் தினமும்" என்றார். என் மனைவி சொன்னதுதான் உண்மை.

டாக்டர் எழுதிய மூன்று எண்கள்

இரண்டாம் முறை மருத்துவமனையில் படுத்திருந்தபோதும் எனக்கு ஆசை போகவில்லை. "உலகத்தில் ஒருவராலும் முடியவில்லையா, டாக்டர்?" என்று கேட்டேன். அவர் கோபிக்காமல் மருந்துச் சீட்டின் பின்பக்கம் மூன்று எண்களை எழுதினார்: 7, 27, 51.

அமெரிக்காவில் 2001-02இல் நாடு முழுவதும் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு காலத்தில் மதுவுக்கு அடிமையாக இருந்து, அப்போது அறிகுறி எதுவும் இல்லாமல் இருந்தவர்களை மூன்று ஆண்டு கழித்து மறுபடி பார்த்தார்கள். அறவே குடிக்காமல் இருந்தவர்களில் நூற்றுக்கு 7 பேருக்குத்தான் பழைய தொல்லை திரும்பியிருந்தது. அளவாகக் குடித்துவந்தவர்களில் 27 பேருக்கு. அறிகுறி இல்லாவிட்டாலும் அளவு மீறிக் குடித்தவர்களில் 51 பேருக்கு.

நான் 27ஐத்தான் பிடித்துக்கொண்டேன். "அப்படியானால் 73 பேர் நன்றாக இருக்கிறார்களே?" என்றேன். அந்த ஆய்வில் லேசான குடிநோய்க்காரரும் உண்டு, சிகிச்சையே தேவைப்படாமல் தாமாகச் சரியானவரும் உண்டு என்றார். பிறகு இன்னொன்று சொன்னார். லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனையில் டேவிஸ் என்ற மனநல மருத்துவர் 1962இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். சிகிச்சை பெற்ற 93 பேரில் 7 பேர் இப்போது சாதாரணமாகக் குடிக்கிறார்கள் என்றது அது. உலகமே பரபரத்தது. 1985இல் கிரிஃபித் எட்வர்ட்ஸ் என்ற மருத்துவர் அந்த ஏழு பேரின் கதையைத் தேடிப் போனார். ஐந்து பேர் கடுமையாகக் குடித்து அவதிப்பட்டிருந்தார்கள்; டேவிஸ் பார்த்துக்கொண்டிருந்த காலத்திலேயே அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். மீதி இரண்டு பேரில் ஒருவர் முதலிலேயே கடுமையான குடிநோயாளி அல்லர்.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அந்த மிச்சம் ஒருவர் நீங்கள்தானா என்று 11 வாரம் சோதித்துப் பார்த்துவிட்டீர்கள்" என்றார். அந்தச் சீட்டை நோட்டுக்குள்தான் வைத்திருக்கிறேன்.

லேசாகக் குடித்தவர் முயன்றே தீருவேன் என்றால்

மேலே கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் உண்மையாகவே இல்லை என்று பதில் சொல்பவர் இருக்கலாம். கல்லூரிக் காலத்தில் அளவு மீறி, பயந்து நிறுத்தியவர். ஒரு கெட்ட காலத்தில் ஓராண்டு குடித்துவிட்டு வெளியே வந்தவர். இவர்களில் சிலரால் அளவோடு நிற்க முடிகிறது என்பதை மறுப்பதற்கில்லை. இருந்தாலும் குடிக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. எந்த அளவும் உடம்புக்குப் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனமே 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. முயன்றே தீருவேன் என்பவர் இவற்றையாவது செய்யுங்கள்.

முதலில் மருத்துவரைப் பார்த்து ஈரல் சோதனை செய்துகொள்ளுங்கள். தூக்க மாத்திரை, மனநல மருந்து, வலிப்பு மருந்து, சர்க்கரை மருந்து எது ஓடினாலும் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கு எந்த அளவும் கூடாது.

இரண்டாவது, அளவு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் அளவு என்றால் ஒரு குவார்ட்டர் என்று நினைக்கிறோம். குவார்ட்டர் 180 மில்லி. 42.8 சதவீத மதுவில் அது ஏறக்குறைய 61 கிராம் சுத்த ஆல்கஹால். பத்துப் பத்துக் கிராமாக எண்ணினால் ஆறு பங்கு. பிரிட்டன் அரசின் மருத்துவர்கள் 2016இல், அதாவது நான் விழுந்த அதே ஆண்டில், நோயில்லாத பெரியவர்களுக்குச் சொன்ன மேல்வரம்பு வாரத்துக்கு 112 கிராம்தான். ஒரு வாரம் முழுவதற்கும் இரண்டு குவார்ட்டர்கூட வராது. அதையும் மூன்று நாட்களிலோ அதற்கு மேலோ பரப்பச் சொன்னார்கள். கள்ளை மதுவாகவே எண்ணாதவர் எங்கள் பக்கம் நிறையப் பேர். கால் லிட்டர்க் கோப்பைக் கள் 6 சதவீதம் என்று வைத்தால் 12 கிராம்; அதுவே ஒரு பங்குக்கு மேல். காலையில் இறக்கியது மாலைக்குள் புளித்து ஏறிவிடும் என்பதால், ஒரே கோப்பையில் காலையில் குடிப்பது வேறு, அந்தியில் குடிப்பது வேறு.

மூன்றாவது, விதியை எழுதி, நீங்கள் வைத்துக்கொள்ளாமல் வேறொருவர் கையில் கொடுங்கள். இதுதான் நான் செய்யத் தவறியது. விதி உங்கள் நோட்டில் இருந்தால் சிவப்பு மையும் உங்கள் கையில்தான் இருக்கும். ஒரே ஒரு முறை விதியைத் திருத்தத் தோன்றினாலும் சோதனை அத்துடன் முடிந்தது என்று முன்கூட்டியே இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். "விருந்தாளி வந்ததால்" என்று ஒரு காரணம் எழுத நேர்ந்த அன்றே நான் நிறுத்தியிருக்க வேண்டும். என் மைத்துனன் இன்றும் மாதத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை குடிக்கிறான். அவனிடம் விதி எதுவும் இல்லை. சில நேரம் பாதிக் கோப்பையை வைத்துவிட்டுப் பேச எழுந்து போய்விடுவான். பாதிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்ததாக என் வாழ்க்கையில் ஒருநாள்கூட இல்லை.

அறவே விட இன்னும் மனம் வராத கடுமையான குடிநோயாளியும் மருத்துவரிடம் போகலாம். முழுதாக நிறுத்தத் தயாரானால்தான் வர வேண்டும் என்று நல்ல மருத்துவர் சொல்ல மாட்டார். அவர் மேற்பார்வையில் குறைத்துக்கொண்டு வருவது எதுவும் செய்யாமல் இருப்பதைவிட மேல். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் ஏக்கத்தைத் தணிக்கின்றன. ஈரல் நிலையைப் பார்த்து எது பொருந்தும் என்று அவர் சொல்வார்.

எல்லைக்காரர் வாழும் முறை

இனி முதல் கோப்பையே வேண்டாம் என்று முடிவெடுத்தவருக்கு. எங்கள் பகுதியில் இது கூடுதல் வேலை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. சாவடியைத் தாண்டினால் சித்தூர் வட்டம், கேரளத்தில் கள் இறக்குவதற்குப் பெயர்போன இடம். கேரளத்தில் ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி மதுக்கடை மூடியிருக்கும். அன்று அந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கம் வருவார்கள். திருவள்ளுவர் நாளுக்கும் வள்ளலார் நினைவு நாளுக்கும் இங்கே மூடியிருக்கும். அன்று இங்கிருந்து அங்கே போவார்கள். கடை மூடியிருக்கிறது, நாளை பார்க்கலாம் என்று மனம் தானாக அடங்கும் நாள் மற்ற ஊர்க்காரருக்கு உண்டு. எங்களுக்கு அது இல்லை. அதனால் வேலியை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

சம்பளம் என் கையில் வராது. மனைவியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. நானே கேட்டுச் செய்த ஏற்பாடு. மாமனார் வீட்டுக்குப் போகும்போது பழைய பஸ் நிறுத்தத்தில் இறங்குவதில்லை; அங்கே இறங்கினால் கள்ளுக்கடை வாசலைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். கப்பைக் கிழங்கும் மீன் கறியும் மணக்கும் அந்த வாசலில், கடைக்காரர் பழைய பழக்கத்தில் "வரூ சேட்டா" என்பார். அதனால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அரைக் கிலோமீட்டர் திரும்பி நடக்கிறேன். வெயிலில் என் மனைவியும் கூடவே நடந்து வருகிறார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

கிடாவிருந்து, கல்யாணம் என்றால் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுங்கள். குடி பெரும்பாலும் முதல் பந்திக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். கையில் ஒரு மோர்க் குவளையை வைத்துக்கொண்டே நில்லுங்கள். வெறுங்கையாக நிற்பவரிடம்தான் கோப்பை நீளும். வற்புறுத்துகிறவரிடம் தத்துவம் பேச வேண்டாம். "மாத்திரை ஓடுகிறது, குடித்தால் ஆஸ்பத்திரிதான்" என்று ஒரே வாக்கியம் போதும். இரண்டாம் முறை கேட்டால் அதே வாக்கியம். மூன்றாம் முறை கேட்டால் செருப்பைத் தேடுங்கள்.

எங்கள் பக்கம் கவனிக்க வேண்டிய வேறு சில இருக்கின்றன. காலையில் தெளுவு (புளிக்காத பதநீர்) என்று விற்பது சுண்ணாம்பு சரியாகத் தடவாத கலயமாக இருந்தால் வெயிலேற ஏறப் புளித்துக் கள்ளாகிவிடும். நான் தெளுவையும் விட்டுவிட்டேன். தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களில் நொதிக்கும்போதே ஆல்கஹால் உருவாகிறது. இருமல் மருந்து சிலவற்றிலும் உண்டு. வைத்தியரிடம் "நான் குடியை நிறுத்தியவன்" என்று சொல்லிவிட்டு மருந்து வாங்குங்கள். கள் ஊற்றிப் புளிக்க வைத்த ஆப்பம் வேகும்போது பெரும்பகுதி போய்விடும் என்றாலும், அந்த வாசனை உங்களை எங்கே இழுக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தொல்லை இல்லை. குடியை விட்டவர்கள் கூடும் எங்கள் குழுவில் ஒருவர் ஆப்பத்தைத் தொடுவதே இல்லை. அவர் செய்வதும் சரி.

வீட்டுப் பெண்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். டைசல்ஃபிராம் மாத்திரையைக் குடிப்பவருக்குத் தெரியாமல் ரசத்திலோ மாவிலோ கலக்காதீர்கள். அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும், உயிரும் போகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை அதன் வேலை இருக்கும். 2009இல் யாரோ சொன்னதைக் கேட்டு என் அம்மா எனக்கு ரசத்தில் கலந்து கொடுத்தார். அன்று மாலை கடைத் திண்ணையில் உயிர் போகிறது என்றே நினைத்தேன். அதன்பிறகு ஓராண்டு வீட்டில் கை நனைக்கவில்லை. அம்மா போட்ட சோற்றைச் சந்தேகத்தோடு பார்த்தேன். அம்மா அதை நினைத்து அழாத நாள் இல்லை. அறிந்து, விரும்பி, மருத்துவர் பார்வையில் சாப்பிட்டால் அது நல்ல மருந்து. 2016க்குப் பிறகு ஓராண்டு நானே தினமும் காலையில் அம்மா கையால் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஏக்கம் வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். அலை மாதிரி ஏறி, பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும். அந்த அரை மணிக்கு முன்பு என்ன நடந்தது என்றும் பாருங்கள். பசி, கோபம், தனிமை, அசதி இந்த நான்கில் ஒன்று அநேகமாக இருக்கும். எனக்குப் பெரும்பாலும் பசி. மூன்று மணிக்கு லாரி ஏற்றிவிட்டு மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட நாட்களில்தான் நினைப்பு வருகிறது. அதனால் எடைமேசையில் எப்போதும் கடலை மிட்டாயும் இரண்டு வாழைப்பழமும் இருக்கும்.

ஏற்கெனவே குடித்துவிட்டீர்கள் என்றால்

ஒரு கோப்பை குடித்துவிட்டு இதைப் படிக்கிறீர்களா? எல்லாம் பாழாகிவிட்டது, இனி முழுப் பாட்டிலும் ஒன்றுதான் என்று மனம் சொல்லும். அது பொய். நான்கு ஆண்டு குடிக்காமல் கற்றுக்கொண்டது எதுவும் ஒரு கோப்பையில் அழிந்துபோகவில்லை. ஒரு கோப்பையோடு நிற்பதற்கும் 11 வாரம் போவதற்கும் நடுவில் எனக்கு 77 நாட்கள் இருந்தன. அதில் ஏதாவது ஒரு நாள் ஒரே ஒருவரிடம் சொல்லியிருந்தால் போதும்.

ஆகவே இன்றிரவு தூங்குவதற்குள் ஒருவரிடம் சொல்லுங்கள். மனைவியிடம் முடியவில்லை என்றால் நண்பரிடம். அதுவும் முடியாவிட்டால் 14446 என்ற இலவச தேசியப் போதை மீட்பு எண். மனநல உதவிக்கு 14416, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளப் பக்கம் இருப்பவருக்கு அந்த மாநிலக் கலால் துறையின் போதை மீட்புத் திட்டமான விமுக்தியில் 14405 உண்டு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பொள்ளாச்சி, பாலக்காடு போன்ற ஊர்களில் கேட்டால் கிடைக்கும். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது அது. கட்டணம் கிடையாது, பெயர் கேட்க மாட்டார்கள்.

ஓரிரு நாள் குடித்தவர் அப்படியே நிறுத்திவிடலாம். வாரக்கணக்கில் தினமும் குடித்துவிட்டவர் நான் செய்ததுபோல் வீட்டில் திடீரென்று நிறுத்தாதீர்கள். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் சித்தப்பிரமை வந்தால் சிகிச்சையின்றி உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் நடுக்கத்துக்கு மருந்தும், மூளையைக் காக்கத் தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்துச் சில நாட்களில் பத்திரமாக வெளியே கொண்டுவருவார்கள்.

வண்ணாமடையில் ஒரு மரமேறி இருக்கிறார். தினமும் காலையிலும் அந்தியிலும் தென்னையில் ஏறிக் கள் இறக்குவதுதான் அவருக்குப் பிழைப்பு. மூன்று ஆண்டாக ஒரு சொட்டும் குடிக்காதவர். மாலை ஆறரைக்குக் கடைசி மரத்திலிருந்து இறங்கியதும் எனக்கு போன் செய்வார். "இறங்கிவிட்டேன், அண்ணா" என்பார். "நானும் களத்தைப் பூட்டிவிட்டேன்" என்பேன். பிறகு கொப்பரை விலை, மழை, அவருடைய பெண்ணின் பள்ளிக்கூடம் பற்றி இரண்டு நிமிடம். கலயத்தின் வாசனை அன்றைக்கு ஏதாவது செய்திருந்தால் அதையும் சொல்வார். ஆறே முக்காலுக்குள் போன் வராவிட்டால் நான் வண்டியை எடுத்துக்கொண்டு சாவடியைத் தாண்டிப் போவேன். இதுவரை இரண்டு முறை போயிருக்கிறேன். ஒரு முறை அவருடைய போனில் சார்ஜ் இல்லை. இன்னொரு முறை மரத்தடியில் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருவருமாகச் சுமந்துபோய்க் கள்ளை, அதைச் சேகரிக்கும் சங்கத்தில் ஊற்றிவிட்டு, அவர் வீட்டில் கஞ்சி குடித்தோம்.